குத்தூசி எடுக்கப் போன நாள்

மூன்றாவது குத்தூசியையும் திலகவதி மேசைமேல் வைத்தாள். வைத்த கை உடனே திரும்பவில்லை. மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றது. மார்கழி பிறந்து நான்கு நாள். காலையில் ஆரணியில் பஸ் ஏறியபோது ஜன்னல் கண்ணாடியை யாரும் திறக்கவிடவில்லை; இப்போதும் கடைக்குள் மின்விசிறி சுற்றவில்லை. அப்படியிருந்தும் அவளுடைய மேலுதட்டில் வியர்வை பொடிப்பொடியாக நின்றிருந்தது.

"இன்னா திலகா, மறுபடியும் வலிக்குதா?" என்று கேட்டான் அன்பழகன்.

"வலியெல்லாம் இல்ல. முதுகுல ஒரு எரிச்சல். கேஸுதான். நீங்க பேஜார் பண்ணாம அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

கேஸ்தான் என்று அவள் சொல்வது காலையிலிருந்து இது நாலாவது தடவை. முதல் தடவை வீட்டில், பல் துலக்கும்போது தாடையைத் தேய்த்துக்கொண்டு சொன்னாள். அடுத்தது ஆரணி பஸ் நிலையத்தில். சோடா வாங்கிக் கொடுத்தான். பாதி குடித்துவிட்டு, ஏப்பம் வரவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவது பாலாற்றுப் பாலத்தின்மேல். அப்போது இடது தோளை வலது கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறவள். திரும்பிவிடலாமா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கத்தான் நினைத்தான். ஆனால் மூன்று மாதமாகத் தள்ளிப் போட்டு, தபாலாபீஸில் லீவு சொல்லிவிட்டு, ஒரே ஒரு குத்தூசிக்காக இராணிப்பேட்டை வரை அவள் கிளம்பி வந்திருக்கிற நாள் இது. கேட்டால் சண்டை வரும்.

ஆரணி தபாலாபீஸில் கிளார்க் வேலை அவளுக்கு. கொரோனாவில் ஊர் அடங்கிக் கிடந்தபோது போனில் எதையோ பார்த்துத் தோலில் தைக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு உறை. பிறகு சாவிப் பை, டைரிக்கு மேலட்டை, பெங்களூரில் இருக்கும் மகள் அகல்யாவுக்கு ஒரு பர்ஸ். விற்பதற்கில்லை. யாராவது கேட்டாலும் கொடுக்கமாட்டாள். சாயங்காலம் வந்து, சமையலை முடித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தைத்தால் அவள் முகமே வேறாகிவிடும்.

ஆரம்பத்தில் முப்பத்திரண்டு சாமான் அடங்கிய பெட்டி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தாள். பார்க்க நிறைய இருந்தது. இரண்டாம் வாரமே குத்தூசியின் முனை மடங்கிற்று. கத்தி தோலை வெட்டவில்லை, பிய்த்தது. துளை வரிசை போடுகிற இரும்பில் ஒரு பல் மயிரிழை விலகியிருக்க, தையல் முழுக்கக் கோணிக்கொண்டு போயிற்று. தறி வீட்டில் பிறந்தவளுக்கு அது பொறுக்குமா? தறியின் அச்சில் ஒரு பல் வளைந்தாலும் புடவை நெடுகக் கோடு விழும் என்று ஐந்து வயதில் தெரிந்துகொண்டவள். பெட்டியோடு தூக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாள். "முப்பத்திரண்டு குப்பைக்கு நல்லதா மூணு போதும்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத்தான். ஒரு கத்திக்கு ஒரு வருஷம் விசாரித்தாள். எந்த இரும்பு, தீட்டினால் எத்தனை நாள் கூர் நிற்கும், பிடியில் கனமா முனையில் கனமா என்று நாலு பேரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். கத்தி வந்தது. துளை இரும்பு வந்தது. மிச்சம் குத்தூசி. அதை மட்டும் கையில் பிடித்துப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

இதில் எதிலும் அன்பழகன் கை வைத்ததில்லை.

முள்ளிப்பட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில், ஊருக்கு வெளியே இருந்த தெருவில் பிறந்தவன் அவன். அப்பா பொன்னுசாமி செருப்புத் தைத்தார். நிலக்காரர்களின் கிணறுகளுக்குத் தண்ணீர் இறைக்கும் தோல் சால் தைத்தார். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தான். பதினைந்து வயதில் குத்தூசியைக் கீழே வைத்த அன்பழகன், படித்து, கூட்டுறவு சங்கத்தில் வேலை வாங்கி, தறிக்காரத் தெருப் பெண்ணை ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு, ஆரணி டவுனுக்குள் வீடும் கட்டிவிட்டான். அந்த வாசனை உடம்பைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தான். திலகவதி முதன்முதலாகத் தோலை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்று, பசியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டான்.

அவளுடைய அண்ணன் கமலக்கண்ணன் பட்டு வியாபாரி. இருபத்தேழு வருஷமாக இவர்கள் வீட்டு வாசலை மிதிக்காதவர். தங்கை தோல் தைக்கிறாள் என்று கேள்விப்பட்டு யாரிடமோ சொன்னாராம்: "அவன் வூட்டுத் தொழில அவ கையில குடுத்துட்டான் பாத்தியா." அந்தப் பேச்சு கடைத்தெரு முழுக்கச் சுற்றி அன்பழகன் காதுக்கும் வந்து சேர்ந்தது. அவன் கொடுக்கவில்லை. அவளாகத்தான் எடுத்துக்கொண்டாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கடைக்காரப் பாய்க்கு அறுபது வயதிருக்கும். ஷூ கம்பெனிகளுக்குச் சாமான் போடுகிறவர். ஒற்றைக் குத்தூசிக்கு இத்தனை கேள்வியா என்று முதலில் சிரித்தார். அவள் முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் சாய்த்து வைத்து, வழுக்குகிறதா, பிடிக்கிறதா என்று பார்ப்பதைக் கண்டதும் சிரிப்பை விட்டார். உள்ளே போய் இழுப்பறையையே உருவி எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது பாருங்கம்மா. முனை பட்டம் மாதிரி நாலு பட்டை. உருண்டையா இருந்தா தோலத் தள்ளிகினு போவும், வெட்டாது."

"தெரியும் பாய். எனக்குப் பிடிதான் சந்தேகம். என் கை சின்னது."

பன்னிரண்டில் பத்தைத் தள்ளினாள். கறுப்புப் பிடி ஒன்றும் வெளுத்த பிடி ஒன்றும் மிஞ்சின. சுவரில் கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டியது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தாள். கறுப்புப் பிடியை இடது கையால் எடுத்தபோது அது நழுவி மேசையில் விழுந்து உருண்டது. பாய் பிடித்தார்.

"என் கைக்கு இன்னிக்கு ஒண்ணும் புரியல" என்றாள் திலகவதி. "விரலெல்லாம் மரத்தாப்பல இருக்குது. ஏங்க, நீங்க புடிச்சிப் பாருங்களேன்."

"நானா?"

"ஒரே ஒரு வாட்டி."

கெஞ்சிக் கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. இப்போது கெஞ்சினாள். வேறொரு நாளாக இருந்தால் அன்பழகன் வெளியே போய் நின்றிருப்பான். அவள் உதடு வெளிறியிருந்ததைப் பார்த்ததும் சீக்கிரம் முடியட்டும் என்று எழுந்து வந்து கறுப்புப் பிடியை எடுத்தான்.

நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. கைக்கு அது தெரியவில்லை. பிடியின் அடி தானாக உள்ளங்கைக் குழியில் போய் உட்கார்ந்தது. சுட்டுவிரல் நீண்டு இரும்பின்மேல் படிந்தது. காதோரம் கொண்டுபோய் ஒரு சுண்டு சுண்டினான். உள்ளே நெல்மணி அசைகிற அளவுக்கு ஒரு சத்தம்.

"இது வேணாம். உள்ள காம்பு ஆடுது. ரெண்டு மாசத்துல பிடி கழண்டுகினு வந்துடும்."

வெளுத்த பிடியைச் சுண்டினான். சத்தமில்லை. திலகவதியின் கையை இழுத்து, அதன் உள்ளங்கையில் பிடியை வைத்து, விரல்களை மடக்கிப் பார்த்தான். அவள் கை ஐஸாக இருந்தது.

"இத எடு. அடியில அரை விரல் அறுத்துத் தேச்சா உன் கைக்கு சரியா அடங்கும். செஞ்சி குடுப்பீங்களா பாய்?"

"தாராளமா." பாய் அவனையே பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தோஷம் இருந்தது. "சார் கை தொழில் தெரிஞ்ச கை. பாத்தாலே தெரியுது. எந்த ஊரு சார் நீங்க?"

அன்பழகன் குத்தூசியை மேசையில் வைத்தான்.

"ஆரணி."

"ஆரணில எங்க? எந்தப் பக்கம்?"

வாடகைக்கு வீடு தேடிய நாட்களில் அந்தக் கேள்வியைப் பன்னிரண்டு வீட்டில் அவனிடம் கேட்டிருக்கிறார்கள். சங்கத்தில் சேர்ந்த முதல் நாள் செயலாளர் கேட்டார். அகல்யாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டுவிட்டு, போன் செய்கிறோம் என்று போனார்கள். எந்த ஊர், எந்தப் பக்கம், எந்தத் தெரு. மூன்றாவது பதிலில் அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

"டவுன்தான்" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

பாய் ஒன்றும் கவனிக்கவில்லை. பிடியைப் பற்றுக்கட்டையில் இறுக்கி அறுத்தார். அரத்தால் தேய்க்க ஆரம்பித்தார். கரகரவென்று அந்தச் சத்தம் கடை முழுக்க நிறைந்தது. சட்டென்று நின்றது. அன்பழகன் நிமிர்ந்தான். பாய் அரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திலகவதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, பின்னால் இருந்த அலமாரியில் தலையைச் சாய்த்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"சார், அம்மாவுக்கு மூஞ்சி சரியில்ல. ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்குது. வண்டி வெளியதான் நிக்குது, நானே இட்டுனு போறேன். ஜல்தி கிளம்புங்க."

"எங்களுக்குத் தெரியும் பாய்" என்றான் அன்பழகன். குரல் அவன் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. "அவளுக்கு கேஸ் டிரபுள். நீங்க சாமானக் கட்டிக் குடுங்க."

பாயின் முகம் சுருங்கிற்று. திலகவதி கண்ணைத் திறந்தாள். பாயைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவனைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"போலாங்க" என்றாள்.

அவ்வளவுதான். எங்கே என்று அவள் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை.

முத்துக்கடை முனைக்கு வந்தபோது ஆரணி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு இடது பக்கம் திரும்பவேண்டும். பஸ் வலது பக்கம். அன்பழகன் கையைக் காட்டினான். பஸ் நின்றது. திலகவதி இடது பக்கமே பார்த்தபடி நின்றாள். மூச்சு வாங்குவதற்காக நின்றாளா, வேறு எதற்காகவாவதா என்று யோசிக்க நேரமில்லை. முழங்கையைப் பிடித்து ஏற்றினான். முழங்கை நனைந்திருந்தது.

ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தான். குத்தூசிப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். பாலாறு மணலாகக் கிடந்தது. ஆற்காடு தாண்டிற்று. வீட்டுக்குப் போய் வெந்நீர் வைத்துக் கொடுக்கலாம், சாயங்காலம் பஜாரில் டாக்டர் வந்ததும் காட்டலாம் என்று அவன் மனசுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். வரிசை முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து சொன்னான்.

"அந்தக் கை எனக்கு வரவே வராது" என்றாள் திலகவதி திடீரென்று.

"எது?"

"நீங்க புடிச்சீங்களே. எத்தினி நாளா ஒருவாட்டி காட்டுங்கன்னு கேட்டுகினு இருந்தேன்."

"சரி. பேசாத. தூங்கு."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல."

அவள் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு, "பாய் சும்மாதான் கேட்டாருங்க" என்றாள்.

அவன் எதிரே டிரைவர் கண்ணாடிக்குமேல் தொங்கிய பிளாஸ்டிக் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. இருபத்தேழு வருஷத்தில் பஸ்ஸில் நாலு பேர் பார்க்க அப்படிச் சாய்ந்ததில்லை. புடவைத் தலைப்பில் அவள் தடவியிருந்த தைலம் மணத்தது. அவளுடைய மூச்சு அவன் கழுத்தில் பட்டது. சின்னச் சின்னதாக, அவசரமாகப் பட்டது. பிறகு எப்போதாவது பட்டது. திமிரிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது தோளில் கனம் கூடியது.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதவரை அவள் தூங்குகிறாள்.

திமிரியில் பஸ் நின்றது. டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கினார். ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஆஸ்பத்திரி என்று பச்சை எழுத்தில் போர்டு. கூப்பிடு தூரம். இறங்கவேண்டும் என்று அன்பழகன் நினைத்தான். இறங்கினால் பஸ்ஸே கூடும். தூக்குவார்கள். உயிர் போய்விட்டது என்றால் இங்கேயே வைத்துக்கொள்வார்கள், போலீசுக்குச் சொல்வார்கள், அறுப்பார்கள். தெரியாத ஊரில் ஒருவன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பான்: யார் நீ, எந்த ஊர், எந்தப் பக்கம், இவள் உனக்கு என்ன வேண்டும். அவளுடைய அண்ணனுக்கு ஆள் போகும். வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். உயிர் போய்விடவில்லை என்றால்? அந்த நினைப்பை அவன் முடிக்கவிடவில்லை.

அப்போது அவள் கை மடியிலிருந்து சரிந்து அவன் மணிக்கட்டின்மேல் விழுந்தது. விரல்கள் லேசாக மடங்கின. பஸ் குலுங்குகிறது என்று நினைத்துக்கொண்டான். கையை அப்படியே விட்டான்.

டிரைவர் வந்து ஏறினார். சாவியைத் திருப்பினார். என்ஜின் உறுமி, இருக்கையெல்லாம் அதிர்ந்து, பஸ் குலுங்கியது.

அதுவரை அது குலுங்கவே இல்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

திரும்பிப் பார்த்தான். திலகவதியின் கண் பாதி திறந்திருந்தது. "திலகா" என்றான். கன்னத்தைத் தட்டினான். மூக்கின்கீழ் விரலை வைத்தான். மார்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். "திலகா, ஏய்" என்றான் மறுபடியும். அவனுக்கே கேட்காத குரலில் சொன்னான். மணிக்கட்டின்மேல் இருந்த விரல்கள் இப்போது எதையும் பிடித்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நெல் வயல்கள் ஓடின. போர்டு எங்கோ பின்னால் போய்விட்டது.

கண்டக்டர் பின்னாலிருந்து வந்தவர் அவர்கள் இருக்கையருகே நின்றார்.

"சார், அம்மாவுக்கு இன்னா?"

"தூங்கறா."

கண்டக்டர் நகரவில்லை. அவரும் ஐம்பது தாண்டியவர்தான். அவளைப் பார்த்தார். அன்பழகனைப் பார்த்தார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் போய் டிரைவரின் காதில் ஏதோ சொன்னார். டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு பஸ் மெதுவாகப் போயிற்று. வேகத்தடைகளில் ஊர்ந்து ஏறி இறங்கிற்று. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பெண்ணொருத்தி இவர்களுக்கு முன் இருக்கையில் உட்காரப் போனபோது, "அங்க வேணாம், பின்னால போம்மா" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். அன்பழகன் திலகவதியின் கண்ணை மூடிவிட்டு, முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துப் போர்த்தி, வெயிலுக்கு மறைப்பதுபோலக் கையை வைத்துக்கொண்டு ஆரணிவரை வந்தான்.

பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கும்வரை கண்டக்டர் யாரையும் திரும்பிப் பார்க்கவிடவில்லை. ஆட்டோவை பஸ் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

"நீங்க தோளத் தாங்குங்க சார். நான் கால் பக்கம் புடிக்கறேன். பொட்டலம் இருக்குதே, உங்க பையில வச்சிட்டேன். எந்தத் தெரு சார், ஆட்டோகாரர்கிட்ட சொல்லணும்."

அன்பழகன் தெருவைச் சொன்னான். வீட்டு எண்ணையும் சொன்னான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அகல்யா விடிவதற்குள் பெங்களூரிலிருந்து வந்துவிட்டாள். கூடத்தில் ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பாஞ்சாலை வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, "பூவும் பொட்டுமா போயிட்டா, குடுத்து வச்சவ" என்று அழுதார்கள். ஒவ்வொருவராக அன்பழகனிடம் வந்து, எப்படி ஆச்சு என்று கேட்டார்கள்.

பாஞ்சாலையிடம் முந்தின நாள் சொன்னபோது, "கடையில உக்காந்துனு இருந்தா. போலாங்கன்னா. வந்துட்டோம்" என்றுதான் சொன்னான்.

தபாலாபீஸ்காரர்கள் வந்தபோது, "வூட்டுக்குப் போலாங்கன்னா" என்றான்.

அகல்யா அவன் காலடியில் உட்கார்ந்து, "பக்கத்துல ஆஸ்பத்திரியே இல்லியாப்பா?" என்று கேட்டாள். "இருந்துச்சும்மா. பாய்கூட சொன்னாரு. ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம், வூட்டுக்குப் போலாங்கன்னு ஒத்தக் காலுல நின்னா" என்றான்.

"எந்த எடத்துலப்பா உயிர் போச்சு?"

"ஆரணிக்குக் கிட்ட. தூக்கத்துலயே."

பத்துப் பேரிடம் சொல்லி முடித்தபோது திலகவதியின் குரலிலேயே அது அவனுக்குக் கேட்டது. ஆஸ்பத்திரியெல்லாம் வேணாங்க. அவள் கையை ஆட்டிச் சொல்வதுகூடத் தெரிந்தது.

பத்து மணிக்குக் கமலக்கண்ணன் வந்தார். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறந்த வீட்டுக் கோடி அவர் கையில் தாம்பாளத்தில் இருந்தது. அரக்கு நிறப் பட்டு, அவர் வீட்டுத் தறியில் நெய்தது. கேட்டருகே கொஞ்ச நேரம் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பெட்டியின் கண்ணாடிவழியாகத் தங்கையைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியதைக் கண்டு பெண்கள் மறுபடியும் குரலெடுத்தார்கள்.

பிறகு அன்பழகனிடம் வந்தார். அன்பழகன் எழுந்து நின்றான். அடிக்கப்போகிறார் என்று தோன்றியது. அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"இன்னா ஆச்சு?"

அன்பழகன் சொன்னான். இப்போது அது தடங்கலில்லாமல் வந்தது. கடைக்காரர் கூப்பிட்டது, இவன் கெஞ்சியது, அவள் மறுத்தது. கெஞ்சியது என்று புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டதை அவனே கேட்டான்.

கமலக்கண்ணன் தலையை ஆட்டினார்.

"அவ அப்டித்தான். சின்ன வயசுலருந்தே ஆஸ்பத்திரின்னா ஆவாது. பத்து நாள் காய்ச்சலுல கெடந்தாலும் ஊசி போட வரமாட்டா. அவ புடிச்சா புடிச்சதுதான். என்கிட்டயே கேக்கலியே, உங்ககிட்ட எங்க கேக்கப் போறா." அவன் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். "நீங்க இன்னா பண்ணுவீங்க மாப்ள. மனசுல வச்சிக்காதீங்க."

இருபத்தேழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் மாப்ள. அகல்யா அதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்பழகனின் கை அந்த இரண்டு கைகளுக்குள் கிடந்தது. நூல் பிரித்துப் பிரித்து மழமழவென்றாகிவிட்ட விரல்கள் அவருடையவை. மச்சான், அப்படி இல்லை என்று சொல்ல நாக்கு எழுந்தது. வாசலில் யாரோ சங்கை ஊதினார்கள். "தண்ணி ரெடி, பொம்பளைங்க வாங்க" என்று பாஞ்சாலை கூப்பிட்டாள். கமலக்கண்ணன் கையை விட்டுவிட்டுக் கோடியை எடுக்கப் போனார்.

பெண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அகல்யா அந்தப் பொட்டலத்தைப் பிரித்திருந்தாள். குத்தூசியைக் கொண்டுவந்து அவனிடம் காட்டினாள்.

"அம்மா கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது. யாருப்பா எடுத்தது?"

அந்த இரண்டு நாளில் அவன் யோசிக்காமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

"நான்."

அவள் அதை அம்மாவின் இழுப்பறையில், கத்திக்கும் துளை இரும்புக்கும் பக்கத்தில் வைத்து மூடினாள்.

ஆற்றங்கரை எரிமேடையில் எல்லாம் முடிந்து, முழுகிவிட்டு வீடு திரும்பியபோது மணி நாலு. கமலக்கண்ணன் நாளைக்குக் காலையில் பால் தெளிக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உறவுக்காரர்கள் கலைந்தார்கள். ஐஸ் பெட்டிக்காரர்கள் வந்து பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு ராத்திரி முழுக்க ஓடிய சத்தம் நின்றதும் வீடு வேறு வீடுபோல ஆயிற்று.

பெட்டி இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. ஆள் நீளத்துக்கு, ஆள் அகலத்துக்கு. அகல்யா துணியை எடுத்துக்கொண்டு துடைக்க வந்தாள்.

"வுடு" என்றான் அன்பழகன். "தானா காயும்."

அவள் துணியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் கூடத்துக்குள் வந்திருந்தது. ஈரம் முதலில் கால் பக்கத்து ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது. பிறகு பக்கங்கள் உள்வாங்கின. தலை இருந்த இடத்தில் மட்டும் தரை பள்ளமோ என்னவோ, அங்கே தண்ணீர் உள்ளங்கை அளவுக்குத் தேங்கி நின்றது. அதுவும் காயும்வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.